ஷிசுவோகாவின் சுண்டுவிரல் கமான்கள்

டோக்கியோவிலிருந்து மேற்கே பறக்கும் நொசோமி ரயில்கள் ஷிசுவோகாவில் நிற்பதில்லை. ஃபூஜி மலையைச் சன்னல் வழியே காட்டிவிட்டு ஊரைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஹிக்காரி ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம். அதிலும் எல்லா ஹிக்காரியும் நிற்காது, அட்டவணையைப் பார்த்து ஏற வேண்டும். நிற்காமல் ஓடும் எக்ஸ்பிரஸ்களைப் பிளாட்பாரத்திலிருந்து பார்த்தே வளர்ந்த திருத்தணிக்காரன் நான். இறங்குவதற்கு முன்பே அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது.

நிலையத்துக்கு வெளியே ஒரு தபால் பெட்டி நிற்கிறது. பெட்டியும் அதன் உறுப்புகளும் ஆள் உயரச் சட்டம் ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிளாஸ்டிக் மாடல் கிட் பிரித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கதவு, சக்கரம், கைப்பிடி எல்லாம் ஒரு சட்டத்தில் ஒட்டி வரும். நறுக்கி எடுத்துப் பூட்ட வேண்டும். அந்தச் சட்டத்தை அப்படியே பெரிதாக்கித் தெருவில் நட்டிருக்கிறார்கள். பொம்மை இல்லை, அதில் தபாலும் போடலாம். 2021-லிருந்து ஊரில் இப்படி ஒவ்வொன்றாக வைத்து வருகிறார்கள். பொதுத் தொலைபேசிக்கும் ஒன்று உண்டு. ஜப்பானில் தயாராகும் பிளாஸ்டிக் மாடல்களில் பெரும்பங்கு இந்த மாகாணத்திலிருந்துதான் போகிறது. தமியா, அவோஷிமா, ஃபூஜிமி கம்பெனிகள் எல்லாம் இங்கே. பக்கத்து யாய்சுவில் ஹசேகாவா. கண்டாம் ரோபோ செய்யும் பண்டாய்க்கும் 2006 முதல் இங்கே ஒரு பெரிய ஆலை. அந்தப் பெருமையைக் காட்ட ஒரு சிலை வைக்காமல் தபால் பெட்டியை வைத்தார்களே, அதற்காகவே அவர்களைப் பாராட்டலாம்.

கூட வந்தவன் அக்கா மகன். டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கிறான், கணினி வேலை. அந்தப் பேட்டையில் இறங்கினால் மளிகைக் கடையில் பெருங்காயமும் புளியும் கிடைக்கும், அத்தனை பேர் நம்மவர்கள். அவனுக்கு ஒரு பித்து உண்டு: மினி-இசட். கியோஷோ என்ற கம்பெனி 1999-ல் கொண்டுவந்த ரிமோட் கார். நிஜக் காரில் 28-ல் ஒரு பங்கு அளவு, உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். டிவி ரிமோட்டுக்குப் போடுகிற சின்ன பாட்டரி நான்கு போட்டால் ஓடும்.

“மாமா, உங்களுக்குக் கோயில் காட்டறதா, கார் காட்டறதா?” என்று கேட்டான்.

“ரெண்டும் இருக்கிற ஊராப் பாரு” என்றேன். அப்படித்தான் ஷிசுவோகா வந்தது.

காரின் மேல் எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. அதன் அடிப்பக்கத்தின் மேல்தான் ஆசை. சித்தூர் ரோட்டில் என் பெரியப்பாவுக்குக் கமான் பட்டறை, அதாவது லாரி ஸ்பிரிங் பட்டறை இருந்தது. கல் ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கமிருந்து வரும் லாரிகள் பட்டை ஒடிந்துபோய் அங்கே சாய்ந்து நிற்கும். தெலுங்கில் திட்டிக்கொண்டே டிரைவர் இறங்குவார்; பெரியப்பா தெலுங்கிலேயே சமாதானம் சொல்லித் தமிழில் கூலி கேட்பார். 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்துவிட்டு அந்த ஏப்ரலில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த திருத்தணியில் இது ஒன்றும் அதிசயமில்லை. யூ போல்ட்டைக் கழற்றி, பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒடிந்ததை எடுத்துவிட்டு, புதியதை உலையில் காய்ச்சி வளைத்து மறுபடி அடுக்குவார்கள். ஒரு பட்டையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு, 170 கிராம் எடையுள்ள காருக்கும் கமான் உண்டு, அதையும் கழற்றி மாற்றுகிறார்கள் என்று ஒருவன் சொன்னால் நேரில் பார்க்காமல் இருக்க முடியுமா?

இந்த ஊருக்கு ஏன் இந்த மாடல் பித்து என்று கேட்டால் எல்லோரும் கோயிலைத்தான் கைகாட்டுகிறார்கள். செங்கென் ஆலயம். ஷோகுன் இயேமிட்சு 1634-ல் இதைப் பெரிதாக எடுத்துக் கட்டச் சொன்னபோது நாடெங்கும் இருந்து தச்சர்கள், செதுக்குபவர்கள், அரக்குப் பூசுபவர்கள் வந்தார்கள். அதற்கு முன் அவருடைய பாட்டனார் இயெயாசு இங்கே கோட்டை கட்டியபோதும் வந்தார்கள். வேலை முடிந்தது, ஆட்கள் திரும்பிப் போகவில்லை. குளிர் அதிகமில்லாத ஊர், மலையில் மரம் இருக்கிறது, இங்கேயே தங்கிவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் அரக்குப் பெட்டி செய்தார்கள், மரச்சாமான் செய்தார்கள். 1924-ல் ஒரு விமானி ஆரம்பித்த அவோஷிமா, பள்ளிப் பிள்ளைகளுக்கு மர விமான மாடல் செய்யும் தொழிலுக்கு வந்து சேர்ந்தது. 1946-ல் மரவாடியாகத் தொடங்கிய தமியாவும் மர மாடலுக்கு வந்தது. 1951-ல் ஒரு தீ விபத்து அவர்களைத் தரைமட்டமாக்கியது. பிறகு அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் கிட்கள் வந்து மர மாடல்களை ஓரங்கட்டின. தமியாவின் முதல் பிளாஸ்டிக் கிட் 1960-ல், யமாட்டோ போர்க்கப்பல். போட்டிக் கம்பெனி அதே கப்பலைக் குறைந்த விலைக்கு விற்றதால் இவர்களுடையது படுத்துவிட்டது.

இப்போது நிற்கும் செங்கென் கட்டடங்கள் 1634-ஐச் சேர்ந்தவை அல்ல. தீயில் போனபின் 1804-லிருந்து அறுபது ஆண்டுகள் எடுத்துத் திரும்பக் கட்டியவை. தூண் தலைப்பில் கவிழ்ந்து பார்க்கும் சிங்கம் ஒன்றின் பிடரி மயிரைக் கவனித்தேன். கீழே நிற்கும் யாரும் எளிதில் கவனிக்காத பின்பக்கத்திலும் சுருள் சுருளாகச் செதுக்கியிருந்தார்கள். காரின் அடிப்பக்கத்தைச் செய்கிறவர்களின் முன்னோர் இவர்கள்தான் என்று நம்ப அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

தமியாவின் தலைமையகம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு போனால் கூடத்தைச் சுற்றிப் பார்க்கலாம். நிஜமான பந்தயக் கார்கள் நிற்கின்றன, சுவரோரம் பழைய கிட்கள் வரிசையாக. கம்பெனியை நடத்தி 2025 ஜூலையில் காலமான ஷுன்சாக்கு தமியாவின் கதைகளில் ஒன்றை என் பெரியப்பா கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். போர்ஷே 934 பந்தயக் காருக்கு 12-ல் ஒரு பங்கு அளவில் மாடல் செய்ய வேண்டியிருந்தது. ஜெர்மனி போய்ப் படம் எடுத்துப் பார்த்தார், போதவில்லை. ஒரு போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து அக்கக்காகக் கழற்றிவிட்டார். அளவெடுத்து முடித்தபின் அதைத் திரும்பப் பூட்டுவதற்குப் போர்ஷே மெக்கானிக்குகளின் உதவி வேண்டியிருந்ததாம். அந்தச் செலவுக்கெல்லாம் பதில் சொன்னது 1976-ல் வந்த ரிமோட் கார். அதே போர்ஷே உடம்புக்குள் மோட்டாரும் ரேடியோவும் வைத்து விற்றார்கள். லட்சத்துக்கும் மேல் போனது. தமியாவின் முதல் ஆர்.சி. கார் அதுதான்.

அந்தக் காலத்து ஆர்.சி. கார்கள் பலவற்றில் சஸ்பென்ஷன் என்று தனியாக ஒன்றும் கிடையாது. தட்டையான சேஸிஸ் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், டயர் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். வழுவழுப்பான தார்த்தளத்துக்கு அது போதும். 1979-ல் வந்த சேண்ட் ஸ்கார்ச்சர் மண்ணில் ஓட வேண்டியிருந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் உடம்பு, நான்கு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும், பின்னால் துள்ளலை அடக்க எண்ணெய் அடைத்த டாம்பர். அதன் அடிப்பக்கத்தை அங்கே ஒரு கண்ணாடிக்குள் பார்த்தேன். உலோகக் கைகளும் தண்டுகளும் ஒரு நிஜ வண்டியின் யோக்கியதையோடு இருந்தன. 1984-ல் வந்த ஹார்னெட்டைப் போல அதுவும் உலகம் முழுக்கப் போனது.

நம் தேர்களுக்குக் கமான் கிடையாது என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அச்சின் மேல் நேரே தேர் உட்கார்ந்திருக்கும். சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் உச்சிக் கலசம் வரை ஆடும். ஆனாலும் உடைவதில்லை, ஏனென்றால் தேர் நகர்வது வடம் பிடிப்பவர்களின் நடை வேகத்தில். கல்லின் மேல் ஏற அதற்கு நேரம் இருக்கிறது. ஸ்பிரிங் தேவைப்படுவது பாரத்தால் மட்டுமில்லை, வேகத்தாலும்தான். மினி-இசட் மணிக்கு 20 கிலோமீட்டரைச் சுலபமாக எட்டும். 28 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அது 560 கிலோமீட்டர். தேரைக் கட்டி இழுப்பவர்கள் யாரும் அந்த வேகத்தில் வடம் பிடித்ததில்லை.

மறுநாள் காலை குனோசான். கடலோரத்திலிருந்து நேரே எழும் குன்றின் மேல் தோஷோகு ஆலயம். இயெயாசு 1616-ல் இறந்ததும் முதலில் அடக்கம் செய்த இடம். கீழேயிருந்து 1,159 கல் படிகள். “நம்ம மலைக்கு 365தான் மாமா, இது மூணு வருஷக் கணக்கு” என்று மூச்சு வாங்க அக்கா மகன் சொன்னான். திருத்தணியில் படிக்குப் படி சூடம் ஏற்றி டிசம்பர் 31 இரவு பூஜை நடக்கும். இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கடலைப் பார்க்கிறார்கள். ரோப்காரும் உண்டு. மறுபக்கத்து நிஹோந்தைரா மேட்டிலிருந்து வரும். படியேறியவர்கள் அதில் வந்தவர்களை ஒரு பார்வை பார்ப்பதும் நம்மூர் வழக்கம்தான். அடிவாரத்தில் வெயில் தாங்கும் கற்சுவர்களில் ஸ்ட்ராபெரி சாகுபடி. சாலையோரம் முழுக்கப் பழக்கடைகள்.

மேலே அரக்கும் பொன்னும் பூசிய மண்டபங்களை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது அருங்காட்சியகத்தில், ஒரு கடிகாரத்தின் முன்னால். 1581-ல் மாட்ரிட்டில் ஹான்ஸ் தெ எவாலோ என்பவர் செய்தது. 1609-ல் ஜப்பானியக் கரையில் உடைந்த ஸ்பானியக் கப்பலின் ஆட்களைக் காப்பாற்றியதற்கு நன்றியாக, ஸ்பெயின் மன்னர் 1611-ல் இயெயாசுவுக்கு அனுப்பிவைத்தார். கையடக்கமான கோபுரம் மாதிரி பித்தளைக் கூடு. உள்ளே சுருட்டி வைத்த எஃகுப் பட்டை ஒன்று விரிய விரிய முள் நகரும். நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் பழையவையே என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கோயிலுக்கு வந்த காணிக்கை, அதனால் யாரும் கைவைக்கவில்லை. நம்மூரில் இருந்திருந்தால் யாராவது ரிப்பேர் பார்த்திருப்பார்கள்.

சாயங்காலம் மினி-இசட் ஓட்டும் கடைக்குப் போனோம். பெயர்ப்பலகை இல்லாவிட்டால் குடோன் என்றே நினைக்கத் தோன்றும் கட்டடம். கீழே கிட்கள், பெயின்ட் புட்டிகள். மாடியில் பாதி இடத்துக்குத் தரைவிரிப்பு ஒட்டி, முழங்கால் உயர மேடையில் ஓட்டுதளம் போட்டிருந்தார்கள். திருப்பங்கள், ஒரு நீண்ட நேர்பாதை, ஓரத்தில் சுருக்குப்பை அளவுக் கருவிப் பெட்டிகளோடு ஆட்கள். ஸ்கூல் பையன்கள் இருவர், ஆபீஸ் உடையோடு மூன்று பேர், எழுபது வயதுக்கு மேலான கடைப் பெரியவர். கார்கள் ஓடும் சத்தம் இயந்திரச் சத்தமாகவே இல்லை. கொசு மருந்து அடிக்காத வீட்டில் ராத்திரி கேட்கிற ரீங்காரம்.

அக்கா மகனின் கார் ஒரு இடத்தில் திரும்பத் திரும்பக் கவிழ்ந்தது. நேர்பாதை முடிந்து வலப்பக்கம் வளையும் இடம். இரண்டு விரிப்புகள் சேரும் விளிம்பு அங்கே இருந்தது. தடவிப் பார்த்தால் விரலுக்கு லேசாகத்தான் தட்டும். அரை மில்லிமீட்டர் மேடு இருக்கலாம். 28-ஆல் பெருக்கினால் அது 14 மில்லிமீட்டர்: நெடுஞ்சாலையில் 500 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு எதிரே விரலளவு கட்டை கிடந்த கதை.

பெரியவர் காரை வாங்கி, முன்பக்கத்தை விரலால் ஒரு தரம் அமுக்கிவிட்டார். பிறகு ஏதோ சொன்னார்.

“முன் ஸ்பிரிங் ரொம்ப மெத்துன்னு இருக்காம் மாமா. கார்ப்பெட்டுல பிடிமானம் ஜாஸ்தி, அதனால வெளிச் சக்கரம் அமுங்கிப் புரட்டிடுதாம்.”

மெத்தென்ற பக்கம்தான் தரையை நன்றாகப் பிடிக்கும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. முன்னால் மெத்தென்று வைத்தால் கார் சட்டென்று திரும்பும். விறைப்பாக வைத்தால் திரும்பச் சோம்பல்படும், ஆனால் கவிழாது. பிடிமானம் மிகுந்த தளத்தில் மெத்தென்ற ஸ்பிரிங் ஒரு அளவுக்கு மேல் ஆபத்து. லாரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. அதிகப் பாரம் ஏற்றுபவன் ஒரு பட்டை கூடுதலாகப் போடச் சொல்வான். வெறும் வண்டியாக ஓட்டினால் முதுகு முறியும்.

பெரியவர் மேசை மேல் ஓரம் மடித்த வெள்ளைத் துணி ஒன்றை விரித்தார். அதன் காரணம் பிறகுதான் தெரிந்தது. சக்கரத்தின் நட்டைக் கழற்றினார். சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் ஒரு மெல்லிய எஃகு ஊசியில் மேலும் கீழும் வழுக்குகிறது. அந்த ஊசியில் கோத்திருக்கும் சுருள்தான் ஸ்பிரிங். ஊசி நழுவாமல் முனையில் எள்ளளவு கிளிப் ஒன்று பிடித்திருக்கும். இடது கட்டைவிரலால் கிளிப்பை மூடிக்கொண்டு, வலது கையின் கூர்முனைக் கருவியால் நெம்பினார். டிக் என்று ஒரு சத்தம். விரலை மூடாமல் நெம்பியிருந்தால் அது தரைவிரிப்பில் விழுந்து இந்த ஜென்மத்துக்குக் கிடைக்காது. வெள்ளைத் துணியும் மடித்த ஓரமும் அதற்குத்தான்.

பழைய ஸ்பிரிங்கைத் துணியில் வைத்தார், பக்கத்தில் புதியதையும். இரண்டும் அரிசி மணி நீளம்தான் இருக்கும், பார்த்தால் ஒரே மாதிரி. முனையில் பெயின்ட் புள்ளிதான் வித்தியாசம். எந்த நிறம் எந்த விறைப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொட்டலத்தின் அட்டையைத் தூக்கிப் போட்டவன் கெட்டான். என் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். அப்போதும் எனக்குத் தெரிந்தது கம்பி ஒரு நூலிழை தடிமன் என்பதுதான்.

அந்த நூலிழைதான் விஷயமே. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பியின் குறுக்களவின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 0.30 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 0.33 போட்டால், தடிமன் பத்து சதவீதம் கூடியதற்கு விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். சுருளின் அகலத்துக்கு மூன்றாம் அடுக்கு, அது எதிர்ப்பக்கம் வேலை செய்யும்: அகலம் பத்து சதவீதம் கூடினால் விறைப்பில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தால் விறைப்பு ஏறும். காரைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடும் இளவட்டங்கள் நம் ஊரிலும் உண்டு. வண்டி தாழ்கிறது, அதோடு முரடாகவும் ஆகிறது. ஏனென்று கேட்டால் ரோட்டைத் திட்டுவார்கள். இங்கே இருக்கிற அளவில் வெட்டவும் முடியாது, நீட்டவும் முடியாது. வேறொரு பொட்டலம் வாங்க வேண்டியதுதான். சில நூறு யென்.

பெரியவர் ஊசியைத் துடைத்தார். கிரீஸைக் குச்சி முனையில் எடுத்து, எடுத்ததில் பெரும்பகுதியைத் துணியிலேயே துடைத்துவிட்டு, மிச்சத்தை ஊசியில் தடவினார். புதிய ஸ்பிரிங், அதன் மேல் காகிதம் போன்ற வாஷர், நக்கிள், கிளிப். மறுபக்கத்துக்கும் அதே வரிசை. வாஷரை ஒன்று கூட்டினால் காரின் உயரம் மாறும். அந்த உயரத்தை அளக்க ஒரு படிக்கட்டு அளவுகோல் வைத்திருந்தார். அடியில் தள்ளிப் பார்த்து எந்தப் படியில் முட்டுகிறது என்று பார்க்கிறார். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்துக்கெல்லாம் தலையை ஆட்டினார்.

அடுத்து வந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். காரை ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்து, மூக்கின் நடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெள்ளத் தூக்கினார். இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விட வேண்டும். இடது சக்கரம் ஒரு கணம் முந்திக் கிளம்பியது. சேஸிஸ் எங்கோ முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு திருகைக் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி தூக்கினார். இப்போது இரண்டும் சேர்ந்து எழுந்தன. பெரியப்பா லாரியின் இரண்டு பக்க உயரத்தையும் கயிறு கட்டி அளப்பார். சாய்வு விரலளவு இருந்தால் மறுபடி பிரிப்பார். அங்கே விரல், இங்கே மயிரிழை.

பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். அங்கே சுருளே இல்லை. மோட்டார் பெட்டியையும் சேஸிஸையும் டி எழுத்து வடிவத்தில் ஒரு மெல்லிய தகடு இணைக்கிறது. மேடு வந்தால் அது மேலும் கீழும் வளைகிறது, திருப்பம் வந்தால் முறுக்கிக்கொள்கிறது. ஒரே தகட்டுக்கு இரண்டு வேலை. விறைப்பு வேண்டுமென்றால் கார்பன் தகடு, மெத்தென்று வேண்டுமென்றால் நார்த்தகடு. துள்ளலை அடக்க மேலே கட்டைவிரல் நகத்தளவு டாம்பர் ஒன்று. விரலால் வளைத்துப் பார்த்தேன். விட்டதும் நேரே நின்றது.

“இது பட்டைதான்டா. கமான் பட்டை” என்றேன்.

“அவருக்கு எப்படிச் சொல்றது மாமா?”

கையால் லாரிப் பட்டைகளை அடுக்கிக் காட்டினேன். பெரியவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கீழே போய், பழைய தமியா லாரி மாடல் ஒன்றின் பின் அச்சைக் கொண்டுவந்து காட்டினார். உலோகப் பட்டைகள், நடுவில் கட்டு, இரண்டு முனையிலும் தொங்கல். ஒன்றுகூடக் குறையவில்லை. பட்டறையில் பார்த்தது எல்லாம் அதில் இருந்தது, துருவைத் தவிர.

ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். காரின் எடையில் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ, அதை வைத்து அது துள்ளும் வேகத்தைச் சொல்லிவிடலாம். சாதாரணக் கார் ஒன்றின் ஸ்பிரிங் பதினைந்து இருபது சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும். விநாடிக்கு ஒரு துள்ளலுக்குக் கொஞ்சம் மேலே, அதுதான் நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது. மினி-இசட்டில் அமுங்க இடமே ஒரு மில்லிமீட்டர்தான். அப்படி அமுங்கினால் விநாடிக்கு 16 துள்ளல். கண்ணுக்குத் தெரியாது, நடுங்குவது போலத்தான் இருக்கும். எடையிலும் நியாயம் இல்லை. 1,500 கிலோ காரை 28-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் எல்லாப் பக்கமும் சுருங்கி 68 கிராம்தான் இருக்க வேண்டும். இதுவோ பாட்டரியோடு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நிஜக் காருக்குச் செய்ததைச் சிறிதாக்கினால் சின்னக் காருக்குச் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இங்கே தோற்பார்கள். தரையிலுள்ள மேடு சுருங்குவதில்லை, தூசி சுருங்குவதில்லை, புவியீர்ப்பும் சுருங்குவதில்லை. அதனால்தான் டயரில்கூட 20, 30, 40 என்று ரப்பரின் கடினத்துக்கு எண் போட்டு விற்கிறார்கள்.

கார் தளத்துக்குப் போனது. அந்த விளிம்பில் லேசாக ஒரு உதறல், அவ்வளவுதான், வளைந்து போய்விட்டது. ஸ்கூல் பையன் ஒருவன் தன் காரை நிறுத்திவிட்டு வந்து என்ன ஸ்பிரிங் என்று கேட்டான். அக்கா மகன் ரகசியம் மாதிரி பொட்டலத்தைக் காட்டினான்.

ஊருக்கு ஒன்று வாங்கிப் போகலாம் என்று எனக்கும் ஆசை வந்தது. அண்ணன் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவர் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க வீட்டுத் தரை என்னன்னு கேக்கறாரு மாமா.”

கூடத்தில் மொசைக், வழுக்கும். மொட்டை மாடியில் தட்டோடு, இணைப்பெல்லாம் பெயர்ந்தது. வாசலில் கால் வழுக்காமல் கோடு கிழித்துவிட்ட சிமென்ட். தெருவில், அதைச் சொல்ல வேண்டாம் என்று விட்டேன். அக்கா மகன் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தான். மொசைக்குக்கு 20 டயரும் மெத்தென்ற ஸ்பிரிங்கும் போதும் என்றார். தட்டோட்டுக்கு முகம் சுளித்தார். கோடு கிழித்த சிமென்டைக் கையால் வரைந்து காட்டியதும் மினி-இசட் பந்தயக் காரை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார். தரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கார் அந்தக் கோட்டில் விழுந்தால் எழுந்திருக்காதாம்.

வேறொரு பெட்டி கொண்டுவந்தார். அதே கியோஷோ, சுசுகி ஜிம்னி. ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் கட்டை அச்சு, நான்கு மூலையிலும் நீளமான சுருள் ஸ்பிரிங். நிஜ ஜிம்னியும் அப்படித்தான். நம் மாருதி அதை குருகிராமில் செய்து 2023 முதல் நம் நாட்டிலும் விற்கிறது. மெதுவாகத்தான் போகும், பிள்ளைகள் வேகம் கேட்டால் ஏமாறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பெட்டியைத் திறந்து, ஒரு சக்கரத்தின் அடியில் தீப்பெட்டியை வைத்தார். அந்தச் சக்கரம் மட்டும் ஏறியது. மற்ற மூன்றும் தரையை விடவில்லை.

ஜிம்னியோடு உபரியாக ஸ்பிரிங்கும் வாங்கிக்கொண்டேன், மெத்தென்றது ஒரு ஜோடி, விறைப்பானது ஒரு ஜோடி. கிளிப் எத்தனை வேண்டும் என்று பெரியவர் கேட்டார். நான்கு என்றேன். அவர் பத்து எண்ணிப் போட்டார்.